ஹில்மாவை எப்படிக் கூப்பிடுவது?

லிட்நேஸ் பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் அன்று இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு:

ஆசிரியர் மேஜைக்குப் பின்னால், கைவைத்த நாற்காலியில், கிராமசபைத் தலைவர் எமானுவேல் ஸ்டென்வால். வலதுசாரிக் கட்சி. வாக்குப்பெட்டி மேஜைமேல், அவர் கைக்கு எட்டும்படியாகவும் மற்றவர் கைக்கு எட்டாதபடியாகவும் இருந்தது. அவருக்கு வலப்புறம், முதல் வகுப்புப் பிள்ளைகளின் சாய்வுப் பலகையோடு சேர்ந்த பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்க, நீதிமன்ற ஜூரி நிக்கனோர் நைஸ். விவசாயிகள் கட்சி. இடப்புறம், அதே உயரப் பெஞ்சில், மர ஆலைத் தொழிலாளர் சங்கப் பொருளாளர் ரூரிக் ஹெட்மன். தொழிலாளர் கட்சி. அவர் ஒல்லி, பெஞ்சில் சரியாகப் பொருந்தினார். மன்னர் படத்துக்குக் கீழே, அடுப்பை ஒட்டி, குறிப்பெழுதும் நான், கடைக் கணக்கர் ஆன்ஷெல்ம் லுண்ட். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காக என்னைப் போட்டிருந்தார்கள். எனக்குக் கட்சி கிடையாது. அடுப்போரம் கிடைத்ததற்கு அதுதான் காரணம். நான் சூடாக இருப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

கதவோரம், பிள்ளைகள் ஈரக் காலணிகளைக் கழற்றி வைக்கும் பலகையில், ஹில்மா ஃபோர்ஸ்மன். ஆற்றின் குறுக்கே கட்டிய வடத்தைப் பிடித்துப் படகு இழுப்பவள். வடம் இழுக்கும் தோல் கையுறைகளை என் அடுப்பருகில் காயப் போட்டிருந்தாள்.

ஆண்டு 1921. ஸ்டாக்ஹோம் நாடாளுமன்றத்துக்குப் பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போடும் தேர்தல். அதை முன்னிட்டுப் பள்ளிக்கூட வாசலில் கூடுதலாக ஒரு கால்மிதி போடச் சொல்லித் தலைவர் உத்தரவிட்டிருந்தார். மற்றபடி ஏற்பாடுகளில் மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை என்று அவர் கருதினார்.

எங்கள் நாட்டில் ஒருவரை ‘நீ’ என்று கூப்பிட, ஒன்று அவர் உறவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இருவரும் மதுக் கோப்பை தூக்கி அதற்கென்று ஒரு நாள் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ‘நீங்கள்’ என்பது மரியாதை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது மாட்டுக்கொட்டில் ஆளை ‘ஏய்’ என்பதற்கு அரைப் படி மேலே. ஆகவே எதிரில் நிற்பவரிடமே, அவர் அறையில் இல்லாததுபோல, பட்டத்தைச் சொல்லிப் பேசுவோம். "தலைவர் இன்னொரு கோப்பை காப்பி குடிப்பாரா?" என்று தலைவரிடம் கேட்போம். "கணக்கர் ஊத்தினா தலைவர் குடிப்பாரு" என்பார் தலைவர். பட்டம் இல்லாதவரிடம் ஆளே இல்லாமல் பேசுவோம். "காப்பி குடிக்கப்படுமா?" என்று காற்றில் கேட்டால், குடிக்க நினைப்பவர் கோப்பையை நீட்டுவார்.

காப்பிக்கு இது போதும். நாடாளுமன்றத் தேர்தலுக்குப் போதவில்லை.

தேர்தல் விதியில் ஒரு வரி இருக்கிறது: ‘வாக்காளர் முறைப்படி அழைக்கப்பட்டு, உறையைத் தலைவரிடம் ஒப்படைப்பார்.’ எழுதியவர் அந்த ‘முறைப்படி’யை யோசித்துப் போட்டாரா, வாக்கியம் மொட்டையாக இருக்கிறதே என்று போட்டாரா, தெரியாது. எங்கள் தலைவர் அதன் கீழே சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். முறை என்றால் பட்டம் என்பது அவர் தீர்ப்பு. பட்டத்தோடு மூன்று தரம் உரக்க அழைப்பார். மூன்றாவது அழைப்புக்கும் பதில் இல்லையென்றால் ஆள் வரவில்லை என்று பொருள். அந்தத் தேர்தலில் மறுபடி அழைப்பு கிடையாது. மூன்று எதற்கென்றால், முதல் அழைப்புக்கே எழுந்து வருகிறவரை எங்கள் ஊரில் நாகரிகம் தெரிந்தவர் என்று சொல்ல மாட்டார்கள்.

காலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. விவசாயி இன்னார், விவசாயி மனைவி இன்னார், தையல்காரி இன்னார், வேலைக்காரப் பெண் இன்னார் என்று தலைவர் அழைத்தார். மூன்றாவது அழைப்புக்கு ஒவ்வொருவராக வெட்கப்பட்டுக்கொண்டு வந்தார்கள். பிறகு ஹில்மாவின் முறை வந்தது. தலைவர் வாயைத் திறந்தார். மூடினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பட்டியலைப் பார்த்தார்.

பாதிரியார் தயாரித்த வாக்காளர் பட்டியலில் ஹில்மாவின் பேருக்கு முன்னால் பட்டத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. அவள் புருஷன் எட்வர்டு அமெரிக்கா போய் வெகுகாலம் ஆகிறது. உயிரோடு இருந்தால் ஹில்மா ‘மனைவி’, இல்லையென்றால் ‘விதவை’. பாதிரியார் பொய் எழுத அஞ்சுகிறவர்.

"எட்வர்டு செத்துப் போயிட்டதா ஏதாவது தெரியவருதா?" என்று தலைவர் கூரையைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்கு எழுதிச் சொல்லலையே" என்றாள் ஹில்மா.

"செத்தவன் எப்படி எழுதுவான்?"

"உயிரோட இருந்தப்பவும் எழுதலை தலைவரே."

"அப்ப எந்தப் பக்கமும் சாட்சி இல்லை" என்றார் ஜூரி நைஸ், திருப்தியோடு.

"தலைவர் சும்மா ஹில்மான்னு கூப்பிடட்டுமே. பொறந்ததுலேருந்து அதுக்குத்தான் திரும்பிப் பாக்குறேன்."

தலைவர் அதிர்ந்துபோனார். "வெறும் பேரு நாய்க்கு. வேலைக்காரப் பொண்ணுக்குக்கூட ‘வேலைக்காரப் பொண்ணு’ன்னு ஒரு பட்டம் இருக்கு. அரசியல் சட்டம் முன்னால ஒரு பிரஜையை நான் நாய் மாதிரி கூப்பிட மாட்டேன். கொஞ்ச நேரம் உக்காரப்பட்டா நல்லது."

ஹில்மா உட்கார்ந்தாள். நான் அவளுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சாசரில் ஊற்றி உறிஞ்சினாள்.

"கணக்கர் படிச்சவரு. ஒண்ணு கேக்கணும். பாலம் கட்டுறேன்னு சொல்லுதே, அது எந்தக் கட்சி?"

"மூணும்தான்" என்றேன். பள்ளிக்கூட வேலியிலேயே மூன்று சுவரொட்டிகள் இருந்தன. மூன்றிலும் ஒரே பாலம், மூன்று வண்ணத்தில்.

"பாலம் வந்தா படகு நிக்கும். படகு நின்னா வீடும் போயிடும். அது படகோட சேர்ந்த அரசாங்க வீடு. என்னை எங்க போகச் சொல்லுவாங்க?"

"அப்ப யாருக்குப் போடுறதா உத்தேசம்?"

"மூணுல எது சொன்ன சொல்லைக் காப்பாத்தவே காப்பாத்தாதோ, அதுக்கு. எதுன்னு கணக்கருக்குத் தெரியுமா?"

நான் தேர்தல் ஊழியன். அபிப்பிராயம் சொல்லக் கூடாது. அதோடு, நேர்மையாகச் சொன்னால், போட்டி கடுமையாக இருந்தது.

"சரி, நானே பாத்துக்கிறேன்" என்றாள். "ஆனா போடாம எந்திரிக்க மாட்டேன். காலையிலேருந்து எத்தனை தரம் வரிசையில நின்னேன்! நிக்கும்போதெல்லாம் அக்கரையிலேருந்து ‘படகு’ன்னு கத்துறாங்க. ஓடிப்போய் ஏத்திட்டு வர்றேன். நான் ஏத்திட்டு வந்தவங்க எனக்கு முன்னாடி நிக்குறாங்க."

அவள் சொல்லி முடிக்கவும் அக்கரையிலிருந்து "படகு!" என்று குரல் வந்தது. ஹில்மாவின் உடம்பு தன்னால் பாதி எழுந்துவிட்டது. அதைக் கையால் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள்.

அக்கரையில் இருப்பது மர ஆலை. தேவாலயப் பூசை முடிந்து, ஆலை அதிபர் யூலின் தம் மேலாளர்களோடு ஓட்டுப் போடப் புறப்பட்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால் தொழிலாளர்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் முன்வரிசையில் உயரத் தொப்பிகளும் பின்வரிசையில் தட்டைத் தொப்பிகளும் தெரிந்தன. உயரத் தொப்பிகள் எல்லாம் தலைவரின் கட்சி. தட்டைத் தொப்பிகள் ஹெட்மனின் கட்சி. ஜூரி நைஸுக்கு அக்கரையில் ஒரு ஓட்டும் இல்லை. அங்கே மரத்தூள் மட்டும்தான் விளையும்.

"படகு கூப்பிடுறாங்க" என்றார் தலைவர், மைப் புட்டியிடம்.

"கேக்குது" என்றாள் ஹில்மா.

"போகப்படலாமே."

"போகப்படாது" என்றாள் ஹில்மா.

தலைவருக்கு வேர்த்தது. அப்போதுதான் அவருக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. ஓட்டுப் போட்டால்தான் அவள் எழுவாள். பட்டம் கிடைத்தால்தான் ஓட்டு. அவள் எழுந்தால்தான் படகு. படகு வந்தால்தான் அதிபர் யூலின்.

"வேற யாராவது படகை இழுத்துட்டு வர முடியாதா?" என்றார்.

"நான் போறேன்" என்று ஹெட்மன் எழுந்தார். "வடம் இழுக்கிறது எங்க வர்க்கத்துக்குப் புதுசா?"

ஜூரி நைஸ் விரலை உயர்த்தினார். அன்று மதியத்திலிருந்து அவருக்குச் சட்டத்தின்மேல் புதிதாக ஒரு பக்தி ஏற்பட்டிருந்தது. "படகு அரசுச் சொத்து. அரசு நியமனம் ஆனவங்கதான் தொடலாம். பொருளாளர் தொட்டாருன்னா, ஜூரி நீதிமன்றத்துல உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்."

ஹெட்மன் உட்கார்ந்தார். குழு இரகசிய ஆலோசனை செய்யும் என்று தலைவர் அறிவித்தார். ஆலோசனையின்போது வாக்காளர் அறையில் இருக்கக் கூடாது. "வெளி நடையில உக்காரப்பட்டா உதவியா இருக்கும்" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார். ஹில்மா கதவைத் தாண்டி நடையில் இருந்த பெஞ்சில், வரிசையில் காத்திருந்த மற்றப் பெண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். கையுறைகள் அடுப்போரமே கிடந்தன.

கதவு சாத்தியதும் தலைவர் எழுந்து நின்றார். இரகசிய ஆலோசனையில் நின்று பேசும் வழக்கம் இல்லை. ஆனால் நான் குறிப்பெழுதுகிறேன் என்பது அவருக்கு நினைவிருந்தது.

"ஜனநாயகம்னா என்ன? எல்லாரும் சமம். நான் அதை ஒப்புக்கிறேன். ஆனா சமமா இருக்கிறவங்களை வரிசையில நிக்க வெச்சாத்தானே சமம்னு தெரியும்? வரிசைன்னா ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் பின்னாடி. யாரு முன்னாடின்னு தெரிய பட்டம் வேணும். பட்டத்தை எடுத்துட்டா நான் யாரு? எமானுவேல்." அவர் குரல் கம்மியது. "வெறும் எமானுவேல்! என் வீட்டுலகூட என்னைத் தலைவர்னுதான் கூப்பிடுறாங்க. நிச்சயதார்த்தத்து அன்னைக்கே அப்படித்தான். அப்ப நான் தலைவர் ஆகலை. ஆனா ஆவேன்னு ரெண்டு குடும்பமும் பேசி முடிச்சிருந்தது. கணக்கர் எழுதிக்கிட்டாரா?"

"நிச்சயதார்த்தமும் சேத்தா தலைவரே?"

"அது வேண்டாம்."

"எங்க கட்சியில இந்தத் தொல்லையே கிடையாது" என்றார் ஹெட்மன். "பட்டத்தையெல்லாம் ஒழிச்சாச்சு. எல்லாரும் தோழர். நான் தோழர் பொருளாளர். பக்கத்து ஊர்க்காரர் தோழர் துணைத் தலைவர். மேடையில அவரு எனக்கு முன் நாற்காலியில உக்காருவாரு, அது வேற விஷயம். தோழர் ஹில்மான்னு கூப்பிட்டுட்டாப் போச்சு."

"நல்ல யோசனை" என்று தலைவர் பேனாவை எடுத்தார்.

ஹெட்மன் அதற்குள் நெற்றியைச் சுருக்கினார். "ஆனா உறுப்பினர் அட்டை இருக்கா அவகிட்ட? அட்டை இல்லாத ஆளைத் தோழர்னு கூப்பிட்டதா மாவட்டக் குழுவுக்குத் தெரிஞ்சா..." என்று இழுத்து, தம் யோசனையைத் தாமே எதிர்த்துப் பேசித் தோற்கடித்தார்.

"விவசாயின்னு போடலாமே" என்றார் தலைவர்.

"எத்தனை பசு?" என்றார் நைஸ்.

"ஒண்ணு. ரெண்டு ஆடு" என்றேன் நான். எங்கள் கடையில்தான் அவள் தவிடு வாங்குகிறாள்.

"ஒரு பசுவுக்கு விவசாயின்னா, பத்துப் பசு வெச்சிருக்கிறவன் யாரு? அவரா?" என்று என் தலைக்கு மேலே இருந்த மன்னர் படத்தைக் காட்டினார் நைஸ். "ஆடு கணக்குல வராது. இதுல அவசரமே கூடாது தலைவரே. எங்க பாட்டன் ஜூரி ஆகப் பதினாறு வருஷம் காத்திருந்தாரு. ஒரு மத்தியானத்துல பட்டம் குடுத்தா பட்டத்துக்கு என்ன மதிப்பு?"

அக்கரையிலிருந்து இப்போது ஊதுகுழல் வழியாகக் குரல் வந்தது. ஆற்றில் மரக்கட்டை மிதக்க விடுகிறவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட வைத்திருக்கும் தகரக் குழல் அது. அதை வாயில் வைத்திருந்தவர் அதிபர் யூலினே. "படகு!" என்ற அந்தச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தலைவரும் அதிர்ந்தார். அந்த அதிர்ச்சியில் அவர் மூளையில் ஏதோ இடம் மாறி உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ஜூரி என்ன சொன்னாரு? படகைத் தொட அரசு நியமனம் ஆகியிருக்கணும்னு சொன்னாருல்ல?"

"சொன்னேன்" என்றார் நைஸ், கொஞ்சம் தயங்கி.

"அவ தினமும் தொடுறாளே! அப்ப அவ அரசு நியமனம்! அரசு ஊழியர்! பட்டம் இத்தனை நேரம் நம்ம காலடியிலேயே கிடந்திருக்கு!"

நைஸின் முகம் புளித்த மோர் குடித்ததுபோல ஆனது. அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது.

"அரசப் படகுக்காரர்" என்றார் தலைவர்.

"படகுக்காரர் ஆம்பளை" என்றார் நைஸ்.

"அரசப் படகுக்காரி." தலைவர் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "வையிற மாதிரி இருக்கு. உரக்கச் சொன்னா இன்னும் மோசமா இருக்கும்."

"மேற்பார்வையாளர்" என்றார் ஹெட்மன். "உழைக்கிற பெண்ணுக்கு அதுக்குக் குறைஞ்சு எங்க கட்சி ஒத்துக்காது."

"யாரை மேற்பார்க்கிறா?"

"தன்னைத்தான். தன்னைத் தானே மேற்பார்க்கிற தொழிலாளி! இதுக்குத்தானே நாங்க இத்தனை வருஷமா பாடுபடுறோம்."

"எந்தத் துறையில?" என்று நைஸ் குறுக்கிட்டார். காலத்தைக் கடத்த அவருக்கு இருந்த வழி இப்போது பட்டத்தை நீட்டுவதுதான். "துறை இல்லாத மேற்பார்வை அந்தரத்துல தொங்கும்."

"நீர்வழித் துறை."

"நீர்வழியா, குறுக்கு நீர்வழியா? அவ ஆத்தோட போறதில்லையே. குறுக்கதான் போறா."

"குறுக்கு நீர்வழித் துறை. எழுதிக்கிட்டாரா கணக்கர்?"

"நிரந்தரப் பதவியா, தற்காலிகப் பதவியா?" என்று நைஸ் கடைசி ஆணியை எடுத்தார். "அதைத் தீர்மானிக்காம பட்டம் செல்லாது."

மூன்று கட்சிகளும் அந்த ஆற்றில் பாலம் கட்டுவதாக எழுதிக் கையெழுத்திட்டு ஒட்டியிருந்தன. பாலம் வந்துவிடும் என்றால் படகு தற்காலிகம். தலைவர் ஹெட்மனைப் பார்த்தார். ஹெட்மன் நைஸைப் பார்த்தார். நைஸ் பலகையில் பிள்ளைகள் கீறி வைத்திருந்த பன்றிப் படத்தைப் பார்த்தார்.

"நிரந்தரம்னே போடலாம்" என்றார் தலைவர் மெல்ல.

மற்ற இருவரும் உடனே தலையசைத்தார்கள். அன்று ஒருமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அது.

‘அரசக் குறுக்கு நீர்வழித் துறை நிரந்தர மேற்பார்வையாளர்.’ நான் எழுதிக் காட்டினேன். தலைவர் அதை நெடுநேரம் பார்த்தார். அவருடைய பட்டம் இதில் பாதிகூட இல்லை.

"இதுக்குப் பின்னால ‘ஹில்மா ஃபோர்ஸ்மன்’னு சேக்கணுமா?" என்று கேட்டேன்.

"கணக்கருக்கு என்ன ஆச்சு? பிஷப்பைப் பேர் சொல்லியா கூப்பிடுறோம்? இவ்வளவு பெரிய பட்டத்துக்குப் பின்னால பேர் சொன்னா அவமரியாதை."

"ஆனா அவங்களுக்கு இது தங்களோட பட்டம்னு..."

"தேர்தல் ஊழியர் யாரும் வாக்காளருக்கு ஜாடை காட்டக் கூடாது. இருமக்கூடக் கூடாது. காட்டினா சாவடியோட எல்லா ஓட்டும் செல்லாது. கதவைத் திறக்கலாம்."

கதவைத் திறந்தேன். நடையில் ஹில்மா, மருத்துவச்சியோடு கம்பளி நூல் விலை பேசிக்கொண்டிருந்தாள். தலைவர் கோட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, தேவாலயத்தில்கூட எழுப்பாத குரலில் அழைத்தார்:

"அரசக் குறுக்கு நீர்வழித் துறை நிரந்தர மேற்பார்வையாளர்!"

பெண்கள் எழுந்து ஒதுங்கி, பெரிய மனிதர் யாரோ வருகிறார் என்று வழிவிட்டார்கள். ஹில்மாவும் எழுந்து ஒதுங்கினாள். முக்காட்டுத் துணியைச் சரிசெய்துகொண்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"யாரு வர்றாங்க?" என்று மருத்துவச்சியிடம் கிசுகிசுத்தாள்.

"ஸ்டாக்ஹோம்லேருந்து யாரோ போல. மூஞ்சியே தெரியலை."

தலைவர் இரண்டாவது தரம் அழைத்தார். ஹில்மா அவருக்கு உதவ நினைத்தாள் பாவம். "வெளிய யாரும் இல்லை தலைவரே" என்று அங்கிருந்தே சொன்னாள். "ஒருவேளை அக்கரையில நிக்கிறாரோ என்னவோ."

ஜூரி நைஸ் சிரிப்பை மறைக்கக் கைக்குட்டையை எடுத்தார். ஹெட்மன் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குத் தொண்டையில் இருமல் வந்து நின்றது. பொய் இருமல் இல்லை, அடுப்புப் புகை. ஆனால் இருமினால் சாவடியே செல்லாது. கண்ணில் தண்ணீர் வரும்வரை அடக்கினேன். இன்னும் ஒரு அழைப்பு. அதற்கும் அவள் திரும்பிப் பார்க்காவிட்டால், காலையிலிருந்து உட்கார்ந்ததும் வீணாகி, யார் யாரோ சேர்ந்து அவள் வீட்டுக்கு மேலே பாலம் கட்டுவார்கள், அல்லது கட்டாமல் இருப்பார்கள். அவள் சொல்ல ஒன்றும் இருக்காது.

தலைவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் விதி விதிதான். அடித்தொண்டையிலிருந்து மூன்றாவது தரம் அழைத்தார்:

"அரசக் குறுக்கு நீர்வழித் துறை நிரந்தர..."

"படகூ!" என்று ஆற்றைத் தாண்டி வந்தது தகரக் குழல்.

"...மேற்பார்வையாளர்!"

"இதோ வந்துட்டேன்!" என்றாள் ஹில்மா.

நாக்கு சொல்லிவிட்டது. இத்தனை வருடங்களாக அந்தச் சத்தத்துக்கு அந்த நாக்கு சொல்லிப் பழகிய பதில். சொன்ன பிறகுதான், ஓட்டுப் போடாமல் படகுக்குப் போகக் கூடாது என்று வைத்திருந்த சபதம் அவளுக்கு நினைவு வந்தது. ஆனால் கால்கள் அதற்குள் கையுறையை எடுக்க அடுப்பை நோக்கி உள்ளே வந்துவிட்டன.

நான் எழுதினேன்: ‘மூன்றாவது அழைப்பில் பதில் வந்தது. வாக்காளர் உள்ளே வந்தார்.’

"ஆட்சேபம்!" என்று நைஸ் துள்ளி எழுந்தார். பெஞ்சும் பலகையும் முழங்காலில் மாட்டிக்கொண்டு கூடவே எழுந்தன. "அது படகுக்குச் சொன்ன பதில்!"

"ஜூரிக்கு எப்படித் தெரியும்?" என்றார் தலைவர். அவர் முகத்தில் அப்படி ஓர் ஒளியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. "வாக்காளர் மனசுல என்ன இருக்குன்னு கேக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. இது இரகசிய வாக்கெடுப்பு."

பிறகு எழுந்து நின்று, இடுப்பை வளைத்து, உறையை இரண்டு கையாலும் நீட்டினார். "மேற்பார்வையாளர் திரைக்குப் பின்னால போவாரா?"

ஹில்மா திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. "நானா?"

"மேற்பார்வையாளர்தான்."

"நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று என்னிடம் கேட்டாள்.

"உறையை வாங்கிக்கலாம்" என்றேன். வாக்காளர் உள்ளே வந்தபின் வழி சொல்வது அனுமதிக்கப்பட்டது.

திரைக்குப் பின்னால் நெடுநேரம் இருந்தாள். தாள்கள் புரளும் சத்தம் கேட்டது, பிறகு பெருமூச்சு, மறுபடி தாள்கள். மூன்று கட்சிகளின் அறிக்கைகளையும் முதல் வரியிலிருந்து படிக்கிறாள் என்று புரிந்தது. வேறு யாரும் அன்று அதைச் செய்யவில்லை. வெளியே வந்து உறையைக் கொடுத்தாள். தலைவர் பெட்டிக்குள் போட்டார். அது மற்ற உறைகளோடு விழுந்து கலந்தது.

"முடிஞ்சுதா?"

"மேற்பார்வையாளர் தம் கடமையை முடிச்சாச்சு."

"யாருக்குப் போட்டேன்னு சொல்லக் கூடாதில்ல?"

"கூடவே கூடாது."

"சொல்லலை. ஆனா நல்லாப் படிச்சுப் பாத்துத்தான் போட்டேன்" என்றாள் ஹில்மா, கையுறையை மாட்டிக்கொண்டே. "அந்தக் கட்சி பாலம் கட்டவே கட்டாதுன்னு எனக்குப் பரிபூரண நம்பிக்கை இருக்கு."

மூன்று உறுப்பினர்களும் ஒரே நேரத்தில் சிவந்தார்கள். ஒரே நேரத்தில் நன்றி சொல்லவும் வாயெடுத்து, ஒரே நேரத்தில் மூடிக்கொண்டார்கள்.

அதன்பின் படகு போனது. தலைவர் ஜன்னலில் போய் நின்றுகொண்டார். இருபது பேர் ஏறக்கூடிய தட்டைப் படகு அக்கரையில் முட்டி நின்றது. அதிபர் யூலின் ஏறினார். அடுத்து யார்? வன மேலாளரா, தலைமைக் காசாளரா? வன மேலாளர் தொப்பியைக் கழற்றிக் காசாளருக்கு வழிவிட்டார். காசாளர் தொப்பியைக் கழற்றி வன மேலாளருக்கு வழிவிட்டார். இருவருக்கும் பின்னால் இருந்தவர்கள் முன்னால் போவது முறையில்லை என்பதால் நின்றார்கள். தட்டைத் தொப்பிகள் உயரத் தொப்பிகளுக்கு முன்னால் ஏறுவதைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை, ஹெட்மன் மட்டும் ஜன்னல் வழியாக "ஏறுங்கடா!" என்று கத்தினார், ஆறு அதை விழுங்கிவிட்டது. ஹில்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வடத்தைப் பிடித்தாள். அதிபர் யூலின் இருபது பேர் இடத்தில் தனியாக நின்று ஆற்றைக் கடந்தார்.

அவர் ஓட்டுப் போட்டதும் நேரம் முடிந்தது. அக்கரையில் தொப்பிகள் இன்னும் கழன்றுகொண்டும் ஏறிக்கொண்டும் இருந்தன. ஜூரி நைஸ் பெஞ்சிலிருந்து தம்மை விடுவித்துக்கொண்டு, ஜனநாயகத்தில் தமக்கு இருந்த நம்பிக்கை இன்று பன்மடங்கு பெருகியதாகச் சொன்னார்.

பெட்டிக்கு முத்திரையிட்ட பிறகு தலைவர் எனக்கு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். புதிய பட்டத்தை மாகாண ஆளுநர் உறுதிசெய்ய வேண்டும். மேலும், அது கிராமசபைத் தலைவர் பட்டத்துக்கு மேலா கீழா என்று தெளிவுபடுத்த வேண்டும். மேல் என்றால், கிராமசபைத் தலைவருக்கும் இரண்டொரு சொல் கூட்டித் தர இயலுமா என்று பார்க்க வேண்டும். எழுதினேன். மூவரும் கையெழுத்திட்டார்கள். உறையின் மேல் முகவரி எழுதினேன்: மேதகு மாகாண ஆளுநர், அரச சபை முன்னாள் ஆலோசகர், துருவ நட்சத்திர விருதின் பெருந்தளபதி, மாகாணக் காட்டுவளக் கழகத்தின் நிரந்தர மதிப்புறு தலைவர் என்று வரிக்கு ஒன்றாக, உறை நிரம்பும்வரை. அரக்கை உருக்கி முத்திரை வைத்தேன்.

அக்கரை அஞ்சல் வண்டிக்குக் கொண்டுபோக ஹில்மாவை வரவழைத்தோம். இந்தத் தரம் அவள் இரண்டாவது அழைப்பிலேயே திரும்பிப் பார்த்தாள். உறையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படித்தாள்.

"இவ்வளவு பேருக்கு ஒரே காகிதமா?"

"ஒரே ஆள்தான். ஆளுநர்."

"அவரு பேரு எங்க?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் ஜூரியைப் பார்த்தேன். ஜூரி, ஆளுநர் கையெழுத்திட்ட எத்தனையோ உத்தரவுகளை மனதுக்குள் புரட்டுவது தெரிந்தது. ஹெட்மன், ஆளுநரை எதிர்த்து நான்கு தீர்மானம் நிறைவேற்றியவர், உதட்டைப் பிதுக்கினார். அதிபர் யூலின் ஆளுநரோடு வருடந்தோறும் கடமான் வேட்டைக்குப் போகிறவர், தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே, "நான் எப்பவும் ஆளுநர்னுதான்..." என்று நிறுத்தினார்.

"பேரு வெச்சிருப்பாங்கல்ல?" என்றாள் ஹில்மா கவலையோடு. "சின்ன வயசுல அவங்க அம்மா அவரை எப்படிக் கூப்பிட்டிருப்பாங்க?"

தலைவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "கணக்கர் இன்னொரு காகிதம் எடுப்பாரா?" என்றார் தாழ்ந்த குரலில். "ஆளுநருக்கே எழுதிக் கேட்டுடலாம்."

எழுதினேன். மேலே அதே பட்டங்கள், அதே வரிசையில். கீழே, மேதகு ஆளுநர் தம் பெயரை இந்தக் கிராமசபைக்குத் தெரிவிக்கும் அருள் புரிய வேண்டும் என்று ஒரே ஒரு வரி. இரண்டாவது உறைக்கும் அரக்கு வைத்தேன். ஹில்மா இரண்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றி, மேலங்கிக்குள் செருகிக்கொண்டு, கையுறையை இழுத்துவிட்டபடி படகுக்கு இறங்கிப் போனாள்.